நாலாவது வரி

குறை சொல்லிக் கெட்ட பெயர் வாங்குகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. குறை சொல்லிச் சம்பளம் வாங்கும் பாக்கியம் ஆனாக்காவுக்கு வாய்த்திருந்தது. சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள் டெஸ்டர். மற்றவர்கள் செய்து முடித்த ஆப்பைக் கையில் வாங்கி, தட்டி, தடவி, தலைகீழாகப் பிடித்து, எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பதினாலு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலைக்கென்றே பிறந்தவள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மேடையில் எந்த விளக்கு எரியவில்லை என்று பார்ப்பாள்.

பெயர் வந்த கதை ஒன்றும் பெரிதில்லை. எந்த ஆப்பைப் பற்றி யார் கேட்டாலும், "எல்லாம் சரி, ஆனா..." என்றுதான் ஆரம்பிப்பாள். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அரை மணி நேரம் போகும். முதலில் முதுகுக்குப் பின்னால் ஆனாக்கா என்றார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஆனா ஆவன்னா சொல்லிக்குடுப்பாங்களா, அதனாலயா?" என்று கேட்டாள். "சொல்லிக்குடுத்திருந்தா நாங்க ஏன் இந்த லட்சணத்துல இருக்கோம்?" என்றார் மேனேஜர்.

குறையை எழுத ஒரு படிவம் இருந்தது. அதில் நாலு கட்டம். எந்தப் பக்கம், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது. மூன்றோடு விஷயம் முடிந்துவிடும். நாலாவது கட்டத்துக்கு ‘மற்றவை’ என்று தலைப்பு. அது எதற்கு என்று அதை வைத்தவனுக்கே தெரியாது.

சேர்ந்த முதல் மாதத்தில் ஆனாக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாங்கு மாங்கென்று எழுதுகிறோமே, இதை யாராவது கடைசி வரை படிக்கிறார்களா? டெஸ்டருக்குச் சந்தேகம் வந்தால் டெஸ்ட் செய்துவிட வேண்டியதுதான். ‘மற்றவை’யில், "இந்த வரியைப் படிப்பவர் நேரில் வந்து சொன்னால் என் மதியச் சாப்பாட்டில் பாதி அவருக்கு" என்று எழுதி அனுப்பினாள். ஒரு வாரம் காத்திருந்தாள். ஈ காக்கைகூட வரவில்லை. ஆக, மனிதர்கள் மூன்று வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு ஆயிரம் அபிப்பிராயங்கள் உண்டு. சத்தியம் செய்து சொல்லக்கூடியதாக அவள் நினைத்தது இந்த ஒன்றைத்தான்.

படிக்க ஆளில்லாத கட்டம் காலியாகக் கிடந்தால் ஆனாக்காவின் கை சும்மா இருக்குமா? அன்றிலிருந்து மனதில் பட்டதையெல்லாம் அங்கே கொட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மூன்று வரி கம்பெனிக்கு, நாலாவது வரி அவளுக்கு.

"மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். போன மாதத்துப் பாஸ்வேர்டு என்ன தப்பு செய்தது?" என்று ஒரு நாள் எழுதினாள். "பதவி உயர்வு என்றால் வேலை தெரிந்தவனை வேலை செய்யவிடாமல் கூட்டத்தில் உட்காரவைப்பது" என்று இன்னொரு நாள். "என் கைக்கடிகாரம் எழுந்து நிற்கச் சொன்னது. நின்றேன். ‘சபாஷ்’ என்றது. இருபது வருஷக் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் சபாஷ்" என்று ஒரு திங்கட்கிழமை. "பஸ் எங்கே வருகிறது என்று போனில் தெரிகிறது. பஸ்தான் தெரியவில்லை" என்று ஒரு மழை நாள். அலுவலகக் காபி, ஜன்னல் வெயில், மேனேஜரின் சிரிப்பு, மீட்டிங் அறையின் ஜன்னலோர நாற்காலி (இடது கை ஆடும், புடவையைக் கிழிக்கும்) எதுவும் தப்பவில்லை. இப்படிப் பதினோராயிரம் ரிப்போர்ட் சேர்ந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. எழுதிய குறைகளில் சில, தாமாகவே சரியாகிவிடும். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று எழுதினாள், இரண்டு நாளில் அந்த ஜன்னலில் தடித்த அட்டை ஒட்டியிருந்தது. தரையில் வைத்த பை, தரை துடைக்கும் தண்ணீரில் நனைகிறது என்று எழுதினாள், அடுத்த திங்கட்கிழமை மேசைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு கொக்கி முளைத்திருந்தது. அலுவலக நிர்வாகியிடம் கேட்டால், "எந்தக் கொக்கி?" என்று பேய் முழி முழித்தார். சரி, கடவுளே வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். பையை மாட்டக் கொஞ்சம் எம்ப வேண்டியிருந்தது, போகட்டும். பதினோரு வருஷமாக அவள் குறையே சொல்லாத ஒரே பொருள் அந்தக் கொக்கிதான்.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான செய்தி," என்றார். அவர் அப்படித் தொடங்கினாலே யாருக்கோ வேலை போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். "நம்ம டெஸ்டிங் வேலையை இனிமே மெஷினே பார்த்துக்கும். அதுவே ஆப்பைத் திறந்து, அதுவே குறை கண்டுபிடிச்சு, அதுவே ரிப்போர்ட் எழுதும். பேரு ‘குட்டி ஆனா’. நம்ம ஆனாக்கா மாதிரியே எழுதணும்னுதான் ஆனாக்கா பேரையே வச்சிருக்கோம். கைதட்டுங்க!"

கைதட்டினார்கள். ஆனாக்காவும் தட்டினாள். தன் சாவுக்குத் தானே மேளம் அடிக்கிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கிளினிக்குகள் நடத்தும் ஒரு பெரிய வாடிக்கையாளர் வருகிறார். அவர்கள் ஆப்பையே அவர்கள் முன்னால் மெஷின் சோதித்துக் காட்டும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்த மாதத்திலிருந்து மெஷின்தான்.

"அப்போ நான்?" என்றாள் ஆனாக்கா.

"உங்களுக்கு வேற இடம் பார்க்கலாம்," என்றார் மேனேஜர்.

இதற்கு முன் ஐந்து டெஸ்டர்களுக்கு வேறு இடம் பார்த்திருந்தார். அந்த இடம் வாசலுக்கு வெளியே இருந்தது. ஆனாக்காவுக்கு நாற்பத்தாறு வயசு. அந்த வயசில் டெஸ்டரை வேலைக்கு எடுக்கும் கம்பெனி இன்னும் கட்டப்படவில்லை. அது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். காலையில் புது ஆப்பைத் திறக்கும்போது அவளுக்குக் கை பரபரக்கும். அதை இழக்க அவளுக்குத் துளியும் மனசில்லை.

மெஷினைச் செய்தவன் ஓடுதே. அவனுக்கும் இது வைத்த பெயர்தான். ஆள் நெட்டை, கதவுக்குக் கதவு தலையைக் குனிந்து வருவான். ஆனாக்கா எந்தக் குறையைக் கொண்டுபோய் நீட்டினாலும், "என் மெஷின்ல ஓடுதே?" என்பான். "உன் மெஷினை வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்பாள் அவள். பதினாலு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை என்றால் இதுதான்.

புதன்கிழமை மதியம் அவன் இடத்துக்குப் போய் நின்றாள்.

"தம்பி, அதுக்கு என்னத்தைக் குடுத்துப் பழக்கின?"

"உங்க ரிப்போர்ட்தான்க்கா. பதினாலு வருஷத்தோடதும்."

"முதல் மூணு கட்டம்தானே?"

"இல்லக்கா. ஒரு எழுத்து விடல."

"மற்றவையுமா?"

"மற்றவையும்தான்," என்றான் ஓடுதே, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அடப் பாவி! மனிதன் ஒருத்தன்கூடப் படிக்காததை ஒரு மெஷின் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்திருக்கிறது. நாளைக்கு வாடிக்கையாளர் முன்னால் அது வாயைத் திறந்து, மேனேஜரின் சிரிப்பு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுவது போல இருக்கிறது என்று சொல்லிவைத்தால்? மெஷினுக்காக வேலை போவது ஒரு மாதிரி. கம்பெனிப் படிவத்தில் பதினாலு வருஷம் வம்பு வளர்த்ததற்காகத் துரத்தப்படுவது வேறு மாதிரி. அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் வேலை கேட்பது?

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கொட்டிவிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸோடு சமையலறைத் தொட்டி முன்னால் நின்றுகொண்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. எனக்கு இங்க உயிர் போகுது."

"பதினோராயிரம் ரிப்போர்ட்டா? அதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க."

"என்னன்னு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நாளைக்கு என்ன செய்யறதுன்னு சொல்லுங்க. பேசாம இருந்துடட்டுமா? ஒருவேளை வெளில வராமலே போகலாம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க வேலைல ஒண்ணு உண்டு. கயிறு தேய்ஞ்சிருக்குன்னு ஆள் ஏறறதுக்கு முன்னாடி சொன்னா ரிப்பேர். ஏறின பிறகு சொன்னா போலீஸ்."

"சொன்னா வேலை போயிடும்ங்க."

"சொல்லலைன்னாலும் போகப்போறதுதானே? உன்னால குறையைத் தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? என் சட்டைல ஒரு பட்டன் இல்லன்னாலே நடுரோட்டுல நிறுத்திச் சொல்றவ நீ."

அது என்னவோ உண்மை. அன்று சாயங்காலமே அவள் ஒரு ரிப்போர்ட் எழுதினாள். எந்தப் பக்கம்: குட்டி ஆனா. என்ன செய்தது: பழைய ரிப்போர்ட்டுகளைப் படித்தது. என்ன நடந்தது: தேவையில்லாததையும் படித்துவிட்டது. அப்புறம் ‘மற்றவை’: "அந்தத் தேவையில்லாதது நான் எழுதியது. அலுவலகத்தையும் உங்களையும் பற்றிப் பதினாலு வருஷமாக இந்தக் கட்டத்தில் எழுதிவந்திருக்கிறேன். நாளைக்கு அது வெளியே வரக்கூடும். தப்பு என்னுடையது. கூட்டத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுப் பேசுங்கள்." கண்ணை மூடிக்கொண்டு மேனேஜருக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். கீழே, "சூப்பர், படித்துவிட்டேன்."

எத்தனை வரி படித்தார் என்று ஆனாக்காவுக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் அறை நிரம்பிவிட்டது. வாடிக்கையாளர் தரப்பில் வந்தவர் ஒரு பெரியம்மா. எழுபதை நெருங்கும் டாக்டர், இப்போது கிளினிக்குகளின் தலைவர். கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, தலையில் ஒரு மூக்குக்கண்ணாடி. நேரே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தன் சிரிப்பைத் தொடங்கினார். ஆனாக்கா கதவுக்குப் பக்கத்தில், எழுந்து ஓட வசதியாக, ஒரு ஓரமாக இருந்தாள். மேனேஜர் அவளைக் கூப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை.

ஓடுதே பெரிய திரையில் மெஷினைத் தட்டிவிட்டான். அது கிளினிக் ஆப்பைத் திறந்து, தானாகவே பக்கம் பக்கமாகப் போனது. முதல் ரிப்போர்ட் வந்தது. போன் நம்பர் கட்டத்தில் எழுத்தையும் ஏற்றுக்கொள்கிறது என்று மூன்று வரி. நாலாவது கட்டம் காலி. ஆனாக்கா மூச்சு விட்டாள். மேனேஜர், "எவ்வளவு வேகம் பாருங்க மேடம்!" என்றார். டாக்டரம்மா தலையை ஆட்டினார். அசந்துபோன மாதிரி தெரியவில்லை.

இரண்டாவது வந்தது. "எல்லாம் சரி, ஆனா பிறந்த வருஷப் பட்டியல் இந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறது" என்று சொல்லிவிட்டு, நாலாவது கட்டத்தில் இப்படிப் போட்டது: "எழுபது வயசுக்காரர் தன் வருஷத்தைப் பிடிக்க எழுபது தடவை தள்ள வேண்டும். தள்ளி முடிப்பதற்குள் எழுபத்தொன்று ஆகிவிடும்."

டாக்டரம்மா கழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நிஜம்தான்! எனக்கே விரல் வலிச்சுது. எங்க ஆளுங்ககிட்ட சொன்னா, உங்களுக்குப் பழக்கமில்ல மேடம்னாங்க. மெஷினுக்கு இதெல்லாம் தெரியுதா?"

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாம் தெரியும் மேடம். அடுத்ததைப் போடுப்பா!"

அடுத்தது வந்தது. மூன்று வரி முறையாக இருந்தது. நாலாவது வரி, அறை முழுக்கப் படிக்கும்படி, பெரிய எழுத்தில் இறங்கியது: "இந்த மீட்டிங்கை ஒரு மெயிலில் முடித்திருக்கலாம். மேனேஜர் சிரிக்கும்போது குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுவது போல இருக்கிறது. ஜன்னலோர நாற்காலியின் இடது கை ஆடுகிறது, அதில் உட்காருகிறவர்கள் துணியை இழந்தால் கம்பெனி பொறுப்பல்ல."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மினார்கள். மேனேஜரின் சிரிப்பு பாதியில் அப்படியே நின்றுவிட்டது, பெட்டியை மூட மறந்த மாதிரி.

"சின்ன... சின்ன டெக்னிக்கல் கோளாறு மேடம்," என்றார். "எங்கிருந்தோ இன்டர்நெட்ல பொறுக்கியிருக்கு. இதெல்லாம் யாரும் எழுதினது இல்ல."

தப்பித்தாகிவிட்டது! யாரும் எழுதியதில்லை என்று மேனேஜரே சொல்லிவிட்டார். ஆனாக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், அவள் பெயர் வெளியே வராது. இன்னும் ஒரு மாதச் சம்பளத்தோடும் மரியாதையோடும் வெளியே போகலாம்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா தன் நாற்காலியின் இடது கையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. இன்னும் பலமாக அசைத்தார். கல் மாதிரி நின்றது. "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

ஆனாக்கா எழுந்துவிட்டாள். அவளாக எழவில்லை, அவளுக்குள் இருந்த டெஸ்டர் எழுப்பிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தப்பான ரிப்போர்ட் தன் பெயரை வைத்துக்கொண்டு கண் முன்னால் நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"எல்லாம் சரி, ஆனா அது தப்பு," என்றாள். "அந்த நாற்காலியை மாத்தி எட்டு வருஷம் ஆச்சு. அது நான் எழுதினது மேடம். மூணும் நான் எழுதினதுதான். எழுதின அன்னிக்கு நாற்காலி ஆடுச்சு, இப்ப ஆடல. இந்த மெஷின் அறையைப் பார்த்துச் சொல்லல, என் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லுது. இல்லாத குறையைச் சொல்ற டெஸ்டரை நம்பாதீங்க. நாளைக்கு உங்க ஆப்புல எப்பவோ சரி செஞ்சதை இன்னும் இருக்குன்னு சொல்லும், புதுசா வந்ததைச் சொல்லாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. மேனேஜரைப் பார்க்கத் துணிவில்லாமல், "சிரிப்பைப் பத்தி எழுதினது மட்டும்... அதுவும் ரொம்பப் பழசு," என்று முனகினாள்.

டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இதையெல்லாம் படிவத்துலயா எழுதினே? யாரும் கேக்கலையா?"

"யாரும் படிக்கிறதில்ல மேடம். மூணு வரிக்கு மேல இங்க யாரும் படிக்க மாட்டாங்க. டெஸ்ட் பண்ணியே பார்த்துட்டேன்."

"நான் படிச்சேன்," என்றான் ஓடுதே.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டு பேசினான். கூட்டத்தில் அவன் நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"பதினாலு வருஷமா தினமும் படிக்கிறேன். காலைல வந்ததும் அதான் முதல் வேலை. மெஷினைப் பழக்கும்போது நாலாவது கட்டத்தை எடுத்துட்டும் பார்த்தேன் மேடம். மெஷின் மக்காயிடுச்சு. போன் நம்பர்ல எழுத்து வருது, அந்த மாதிரிதான் கண்டுபிடிச்சுது. எழுபது தடவை தள்ளணும்கறதைக் கண்டுபிடிக்கல. அந்தக் கட்டம் இருந்தாதான் அதுக்கு மனுஷன் மாதிரி பார்க்கத் தெரியுது. அதனால அதை எடுக்கல. தெரிஞ்சேதான் விட்டேன்."

"நாற்காலியை யார் மாத்தினது?" என்றார் டாக்டரம்மா.

ஓடுதே திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது.

டாக்டரம்மா தலைக் கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார். "மெஷின் நல்லா இருக்கு, வச்சுக்குங்க. பழைய குறையெல்லாம் அதுக்குத் தெரியும். புதுக் குறையை யார் சொல்லுவா?"

மேனேஜரைச் சும்மா மேனேஜர் ஆக்கவில்லை. ஒரு நொடியில் நிமிர்ந்தார். "அதுக்குத்தானே மேடம் நாங்க இவங்களை வச்சிருக்கோம்! மெஷின் ஆனாக்காவுக்குக் கீழ வேலை செய்யும். முதல்லேருந்தே எங்க திட்டம் அதுதான்!"

அடேயப்பா! மூன்று நாளாக அவளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருந்த வாய் அது. ஆனாக்கா அந்தத் திட்டத்தில் குறை எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள், அவ்வளவுதான்.

டாக்டரம்மாவை வழியனுப்பிவிட்டு வந்த மேனேஜர் அவள் முன்னால் நின்றார். "குளிர்சாதனப் பெட்டியா?" என்றார்.

"பழசு சார். பெட்டியும் பழசு."

அவருக்குக் கோபப்படத்தான் ஆசை. ஒப்பந்தம் கையெழுத்தான சந்தோஷம் அதை மூடிவிட்டது. தன்னையறியாமல் சிரித்தார், சிரித்தது காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

ஆனாக்கா நேராக ஓடுதேயின் இடத்துக்குப் போனாள். அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பதினாலு வருஷமாக அந்த மேசைக்குச் சண்டை போட வந்தவள், அவன் எதில் உட்கார்ந்திருக்கிறான் என்று இன்றுதான் பார்த்தாள். நாற்காலியின் இடது கையை மூன்று சுற்று கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தான். அவன் கையை வைத்ததும் அது ஆடியது.

"இது அந்த நாற்காலியா?"

"என்னோடதை அங்க போட்டுட்டு இதை எடுத்துக்கிட்டேன்க்கா. எனக்கென்ன, நான் புடவையா கட்டறேன்?"

"ஜன்னல் அட்டை?"

"நான்தான்."

"கொக்கி?"

"ஞாயித்துக்கிழமை வந்து அடிச்சேன். வார நாள்ல அடிச்சா சத்தத்துக்கும் நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதுவீங்க."

"முதல் மாசம் ஒண்ணு எழுதினேனே. படிக்கிறவங்களுக்குப் பாதிச் சாப்பாடுன்னு. ஏன் தம்பி வரல?"

"படிச்சேன்னு சொன்னா எழுதறதை நிறுத்திடுவீங்க. பாதிச் சாப்பாடு ஒரு நாளோட போயிடும். இது தினமும் வந்துச்சு. எங்க அப்பா தவறிப்போன வருஷம் நான் சிரிச்சதே காலைல அந்த ஒரு வரிக்குத்தான்க்கா."

ஆனாக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பதினாலு வருஷமாக யாருமில்லாத அறையில் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிவிட்டு, ஆள் இல்லை என்று முத்திரை குத்தியிருந்தாள். வேறு எந்த டெஸ்டராவது அப்படிச் செய்திருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பாள்.

"நான் ஒரு மோசமான டெஸ்டர் தம்பி," என்றாள்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றான் ஓடுதே. "என் மெஷின்ல எல்லாம் ஓடிச்சே!"

மறுநாள் காலை ஆனாக்கா இரண்டு பேருக்கான சாப்பாடு கொண்டு வந்து ஒன்றை அவன் மேசையில் வைத்தாள். பாதி என்று எழுதியிருந்தாள், வட்டியோடு முழுசாகவே கொடுத்தாள். மேனேஜர் அதற்குள் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். இனிமேல் ‘மற்றவை’ கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். மதியத்துக்குள் நாற்பது பேரும் அதில் ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டார்கள்.

ஆனாக்காவும் அன்றைய முதல் ரிப்போர்ட்டைத் திறந்தாள். மூன்று கட்டம் மளமளவென்று முடிந்தது. நாலாவதில் கை நின்றது. இப்போது படிக்க ஆள் இருக்கிறது. புதுமணப்பெண் மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது. பத்து நிமிஷம் யோசித்தாள். தூணில் தொங்கும் பையைப் பார்த்தாள். பிறகு எழுதி அனுப்பினாள்.

இரண்டே நிமிஷத்தில் ஓடுதே எழுந்து வந்தான், கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு. வருகிற வழியில் கதவில் தலையை இடித்துக்கொண்டான். தூணுக்குப் பக்கத்தில் நின்று, மாட்டியிருந்த பையையும் ஆனாக்காவின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பதினோரு வருஷமா எம்பி எம்பியா மாட்டினீங்க? ஏன்க்கா சொல்லல?"

"கடவுள் அடிச்சதுன்னு நினைச்சேன். அவர்கிட்ட போயி யாரு குறை சொல்றது? நீன்னு தெரிஞ்ச பிறகு சொல்லாம இருப்பேனா?"

ஓடுதே கையை நீட்டிக் கொக்கியைத் தொட்டான். அவனுக்கு அது சரியாகத் தலை உயரத்தில் இருந்தது. அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"எனக்கு எட்டுதே?" என்றான்.